ஓவியரிடம் கேட்காமல் விட்ட கேள்விகள்

(விழா அவையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அண்மைக் காலமாகப் பெருநகரங்களில் ஒரு வழக்கம் பரவி வருகிறது. ஓவியக் கண்காட்சி தொடங்கிய சில நாள்களில், ஒரு மாலைப் பொழுதில், ஓவியரை அவருடைய படங்களுக்கு நடுவே ஒரு நாற்காலியில் அமர்த்துகிறார்கள். எதிரே மற்றொரு நாற்காலியில் கலை அறிந்த ஒருவர் அமர்ந்து வினாத் தொடுக்கிறார். பார்வையாளரும் கேட்கலாம். கொச்சியில் 2012 முதல் நடைபெறும் பன்னாட்டுக் கலைவிழாவில் இத்தகைய உரையாடல்கள் விழாவின் ஓர் அங்கமாகவே அமைந்துள்ளன. சென்னையிலும் அருங்காட்சியகங்களும் கலைக்கூடங்களும் இதனைப் பின்பற்றுகின்றன.

இந்த அவைகளில் கேட்கப்படும் கேள்விகளைச் சற்றுக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். முதற் கேள்வி பெரும்பாலும், "இந்தப் படத்தின் பொருள் என்ன?" என்பதே. இரண்டாவது, "இதை வரைய எவ்வளவு நாள் ஆயிற்று?" மூன்றாவது கேள்வி வாய்விட்டு வராது, விலைச்சீட்டின் மேல் கண்ணாக நிற்கும். ஓவியர் முதற் கேள்விக்குத் தயங்குவார். பொருளைச் சொற்களில் சொல்லிவிட முடியுமானால் அவர் ஏன் வண்ணத்தைத் தொடப் போகிறார்? அவர் தயங்குவதைக் கண்டு அவையோர், "இவருக்கே தெரியவில்லை" என்று முடிவு கட்டிக்கொண்டு தேநீருக்கு எழுந்துவிடுவார்கள். கேட்கத் தக்க கேள்விகள் கேட்கப்படாமலே அந்த மாலை கழிந்துவிடும்.

இத்தயக்கம் பெரிய கலைஞர்களுக்கும் உண்டு. பால் கிளே என்ற ஓவியர் 1924இல் ஜெர்மனியின் ஜேனா நகரில், தம் படங்கள் மாட்டப்பட்டிருந்த இடத்திலேயே, ஓர் உரை நிகழ்த்தினார். படங்கள் தாமே பேச வேண்டியவை என்ற எண்ணத்தோடு கூச்சத்துடன்தான் அவர் தொடங்கினார். ஆயினும் தொடங்கியபின் படங்களின் பொருளைச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. கலைஞனை ஒரு மரத்தின் அடிமரத்துக்கு ஒப்பிட்டார். வேரிலிருந்து வருவதை வாங்கிக் கிளைக்கு அனுப்புவதே அதன் தொழில். கிளை வேரைப் போலவே இருக்க வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை என்றார். எப்படி உண்டாகிறது என்பதையே அவர் பேசினார். அதனால்தான் நூறாண்டு கடந்தும் அவ்வுரை படிக்கப்படுகிறது.

படைத்தவரை அவையில் நிறுத்திக் கேள்வி கேட்பது மேனாட்டிலிருந்து வந்த புது வழக்கம் என்று எண்ண வேண்டியதில்லை. தமிழில் நூல் அரங்கேற்றம் என்பது அதுவே. புலவர் அவை நடுவே தம் நூலைப் படிப்பார். அவையோர் ஐயம் எழுப்புவர். புலவர் விடை கூற வேண்டும். திருத்தக்கதேவர் பற்றிய செவிவழி வரலாறு தமிழ்ச் சமணர் இல்லங்களில் யாவரும் அறிந்ததே. சமண முனிவர்க்குத் துறவைப் பாடத்தான் தெரியும், காதற்சுவை பாட வராது என்று மதுரைப் புலவர் கூற, அவர் ஆசிரியரிடம் விடை வேண்டினார். ஆசிரியர் எதிரே ஓடிய நரியைக் காட்டிப் பாடச் சொல்ல, நரிவிருத்தம் பிறந்தது. பின்னர்ச் சீவக சிந்தாமணி பிறந்தது. நூலைக் கேட்ட அவையில் ஒரு கேள்வி எழுந்தது: இன்பத்தை இவ்வளவு நுட்பமாகப் பாடிய ஒருவர் அதை அறியாத துறவியாக இருந்திருக்க இயலுமா? பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தித் தம் தூய்மையை அவர் மெய்ப்பித்தார் என்பது அக்கதை.

இக்கதை நடந்ததா இல்லையா என்பது வேறு ஆராய்ச்சி. கதைக்குள் இருக்கும் அந்தக் கேள்வியைக் கவனிக்க வேண்டும். படைப்பாளர் தாம் வாழாத வாழ்வை எவ்வாறு எழுதுகிறார் என்பதே அது. மிகச் சிறந்த கேள்வி. ஆனால் அவை அதைக் குற்றச்சாட்டாகக் கேட்டுவிட்டது. அன்பாகக் கேட்டிருந்தால், ஒரு பெருங்காப்பியப் புலவர் தம் கற்பனை வேலை செய்யும் முறையைத் தாமே விளக்கிய ஓர் உரை வழிவழியாக வந்திருக்கும். கிடைத்ததோ சூட்டுக்கோல் கதை.

படத்தை வைத்துக்கொண்டு பேசுவதும் பழமையானதே. ஊர் ஊராகப் படம் ஏந்திச் சென்று, அதை மக்களுக்குக் காட்டிக் கதை சொல்லிப் பிழைத்தவர்களைப் பிராகிருத நூல்கள் 'மங்கர்' என்று குறிக்கின்றன. ஆசீவக நெறியின் தலைவரான கோசாலரின் தந்தை அத்தகைய ஒருவர் என்று பகவதி சூத்திரம் கூறுகிறது. கோசாலரும் இளமையில் அத்தொழிலையே செய்தாராம். உத்தியோதன சூரி என்னும் முனிவர் 779ஆம் ஆண்டில், இன்றைய இராசத்தானிலுள்ள ஜாலோரில், குவலயமாலை என்ற பிராகிருத நூலை எழுதி முடித்தார். அதில் ஓர் இளவரசனுக்குப் பிறவிச் சக்கரம் தீட்டிய ஒரு துணிப்படம் காட்டப்படுகிறது. காட்டுபவர் ஒவ்வோர் இடமாகச் சுட்டிச் சுட்டி விளக்குகிறார். படமும் சொல்லும் சேர்ந்துதான் இளவரசனின் மனத்தை மாற்றுகின்றன. படத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அவன் வண்ணத்தை வியந்துவிட்டுப் போயிருப்பான்.

இவ்வழக்கு இராசத்தானில் இன்றும் உயிரோடு இருக்கிறது. பாபூஜி என்ற வீரரின் கதையைத் தீட்டிய 'பட்' என்னும் துணிப்படம் ஏறத்தாழ 15 அடி நீளமுடையது. தேவநாராயணர் கதைக்குரியது அதனினும் பெரிது. இரவில் படத்தை விரித்துக் கட்டி, போபா எனப்படும் பாடகர் இராவணஹத்தா என்னும் நரம்புக் கருவியை மீட்டிப் பாடுவார். அவர் மனைவி விளக்கை ஏந்தி, பாட்டில் வரும் இடத்தைப் படத்தில் ஒளிபெறச் செய்வார். இங்கே ஒரு நுட்பம் உண்டு. படத்தில் நிகழ்ச்சிகள் காலவரிசையில் இல்லை, இடவரிசையில் உள்ளன. ஓர் அரண்மனையில் நடந்தவை எல்லாம், முன்னதாயினும் பின்னதாயினும், அந்த அரண்மனைக்கு அருகிலேயே தீட்டப்பட்டிருக்கும். எனவே கதை தெரியாத ஒருவர் இடமிருந்து வலமாகப் பார்த்தால் எதுவும் விளங்காது. விளக்கு எங்கே நகர்கிறதோ அதுதான் கதையின் ஒழுங்கு. அந்த ஒழுங்கு துணியில் இல்லை. பாடுபவர் நினைவில் இருக்கிறது.

இப்படங்களைத் தீட்டுவோர் பில்வாரா, ஷாபுரா ஊர்களைச் சேர்ந்த ஜோஷிக் குடும்பத்தார். தலைவனின் கண்மணியை எல்லாவற்றிற்கும் கடைசியாகத்தான் வைப்பார்கள். அதன் பிறகு அது துணியன்று, கோயில். பழுதுற்றுப் பயன்படாமற் போனால் குப்பையில் எறிவதில்லை. புஷ்கர் ஏரி நீரில் இட்டு அமைதிப்படுத்துவர். குடும்பத்துக்குள்ளேயே காக்கப்பட்ட இக்கலையை வெளியாருக்கும் கற்பித்தவர் ஶ்ரீலால் ஜோஷி. 2006இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். குடும்பத்துக்குள் ஒரு கலை அடங்கியிருக்கும்போது, "ஏன் இப்படி?" என்று கேட்பார் இல்லை, தந்தை செய்தார், மகன் செய்கிறான். வெளியார் ஒருவர் மாணவராக வந்து அமர்ந்தபின்தான் கேள்வி பிறக்கிறது. கேள்வி பிறந்தபின்தான் கை அறிந்ததை வாய் சொல்லப் பழகுகிறது.

எவரும் கேட்காமல் விட்டால் என்ன நேரும்? அதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலே போதும்.

அங்குள்ள குடைவரைக் கோயிலின் முன்மண்டப விதானத்தில் ஒரு தாமரைப் பொய்கை தீட்டப்பட்டிருப்பதை அன்பர்கள் பலர் நேரில் கண்டிருப்பர். தாமரையும் அல்லியும், மீனும் அன்னமும், யானையும் எருமையும், பூப்பறிக்கும் ஆடவர் மூவரும் அதில் உள்ளனர். இவ்வோவியங்களின் சிறப்பை 1920இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் உலகறியச் செய்தார். அன்று முதல் அறிஞர்கள் ஆராய்ந்துகொண்டே இருக்கிறார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியல் அறிஞர் பரமசிவன் சுதையையும் வண்ணங்களையும் சோதித்தார். எந்த வண்ணம் எந்த மண்ணிலிருந்து வந்தது, சுதை எவ்வாறு பூசப்பட்டது என்பவற்றை ஆய்வுக்கூடம் சொல்லிவிட்டது. பொய்கை எதைக் குறிக்கிறது? தீர்த்தங்கரரின் அறவுரை மண்டபமாகிய சமவசரணத்தைச் சூழ்ந்த நீர்நிலை அது; பூக்கொய்வோர் அங்கே வழிபட வரும் பவ்வியர் என்று ஸ்ரீபுராணம் முதலிய நூல்களைக் கொண்டு அறிஞர்கள் கருதினர். பெரும்பாலார் இதை ஏற்கின்றனர்.

ஆனால் அம்மூவரை மீண்டும் பார்க்க வேண்டும். இருவர் அருகருகே நிற்கின்றனர். மேனி ஆழ்ந்த நிறம். மூன்றாமவர் தனித்து நிற்கிறார். மேனி ஒளிரும் செம்மஞ்சள். ஏன்? ஆன்மாவுக்கு நிறம் கூறும் இலேசியைக் கோட்பாட்டை ஓவியர் மனத்தில் கொண்டிருந்தாரா? அல்லது அருகிலிருந்த பச்சை இலைக்கு எதிரே ஒரு சுடர்நிறம் வேண்டும் என்று அவர் கண் கேட்டதா? அல்லது கையிலிருந்த செங்காவி அன்று தீர்ந்துபோயிற்றா? மூன்றும் இயலக்கூடியவையே. இந்த மூன்றாவதைக் கேட்டுச் சிலர் நகைக்கக்கூடும். ஆனால் சுவரில் வேலை செய்து பழகிய எந்த ஓவியரும் நகைக்கமாட்டார். விடை அறிந்தவர் ஒருவரே. அவரிடம் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை, கேட்டிருந்தாலும் எழுதி வைக்கவில்லை. அங்கே பாட்டாகப் பொறிக்கப்பெற்ற ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் அவனிபசேகரன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பார் அகமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபத்தை எடுத்த செய்தியை அது கூறுகிறது. எடுப்பித்தவர் பெயர் இருக்கிறது. தூரிகை பிடித்தவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மேலைநாட்டுச் சமண ஓலைச்சுவடிகளிலும், பின்னர்க் காகிதச் சுவடிகளிலும் இதே நிலைதான். மேலைநாடு என்று இங்கே குறிப்பது குசராத்தையும் இராசத்தானையும். கல்பசூத்திரப் படங்களைக் கண்டோர் அவற்றின் ஒரு விந்தையை மறக்கமாட்டார்கள்: பக்கவாட்டில் திரும்பிய முகத்தில், மறுபுறத்துக் கண் முக எல்லையைக் கடந்து வெளியே துருத்தி நிற்கும். நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே வரைந்திருக்கிறார்கள். கோயில் திருமேனிகளுக்குப் பதிக்கும் பளிங்குக் கண்களின் தாக்கம் என்பர் சிலர். வேறு காரணம் கூறுவோரும் உளர். ஒப்பந்தமான விடை இல்லை.

ஆயினும் அச்சுவடிகளில் ஓர் ஆறுதலும் உண்டு. எழுதுபவர் படத்துக்கு இடம் விட்டுவிட்டு, இங்கே இன்ன காட்சி வரைக என்று ஓரத்தில் சிறு குறிப்பு எழுதி வைப்பார். சில ஏடுகளில் ஓரத்திலேயே சிறிய கோட்டுப் படமும் காணப்படும். அவை பிறர் பார்ப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. எழுத்தருக்கும் ஓவியருக்கும் இடையே நிகழ்ந்த தொழிற்பேச்சின் மிச்சம். ஆராய்வோர்க்கு இன்று அந்த ஓரக்குறிப்பு முழுப் படத்துக்கு ஈடான செல்வம். ஏனெனில் படத்தில் முடிந்த முடிவு மட்டுமே இருக்கிறது. ஓரத்தில் அது தொடங்கிய இடம் இருக்கிறது.

காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துக்குச் சென்றால் நிலைமை வேறு. அங்கே சங்கீத மண்டபத்தை விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387இல் கட்டுவித்தார். அதன் விதானத்தில், பல காலங்களில் தீட்டப்பட்ட, தீர்த்தங்கரர் வரலாற்று ஓவியங்கள் வரிசை வரிசையாக உள்ளன. இடபதேவர், நேமிநாதர், வர்த்தமானர் வரலாறுகளும், நேமிநாதரின் உறவினரான கண்ணன் கதையும் காணப்படும். காட்சிகளின் கீழே தமிழில் விளக்கம் எழுதப்பட்டிருக்கிறது. டி. என். இராமச்சந்திரன் 1934இல் இக்கோயிலைப் பற்றி விரிவான நூல் ஒன்றை வெளியிட்டபோது, காட்சிகளை ஒவ்வொன்றாக இனங்காண அவ்வெழுத்துகள் பெரிதும் துணைநின்றன. சித்தன்னவாசலில் ஒரு பொய்கைக்கு நூறாண்டாக ஆராய்ச்சி. இங்கே அண்ணாந்து பார்த்துப் படித்தாலே கதை விளங்குகிறது. ஓவியரோ, அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரோ, பின்னால் வருவோர்க்கு இது வேண்டியிருக்கும் என்று ஒரு கணம் நினைத்திருக்கிறார். அவ்வளவே வேறுபாடு.

எழுத்தும் இல்லாவிடில், கதையைக் கூறும் வாய்களாவது எஞ்ச வேண்டும். 1880இல் சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்த உ. வே. சாமிநாதையர், பெரும்புலமை இருந்தும் அந்நூலின் சமயச் செய்திகள் விளங்காமல் திகைத்தார். கும்பகோணத்துச் சமணர் இல்லத்தைத் தேடிச் சென்றார். அங்கே தோரணமும் கோலமுமாக வீடு விழாக்கோலம் பூண்டிருந்தது. பல மாதங்களாக அவ்வில்லத்தில் சிந்தாமணியைப் படித்துப் பொருள் கேட்டு வந்தனர், அன்றுதான் நிறைவுநாள். ஏட்டில் மட்டும் இருப்பதாக அவர் எண்ணிய நூல், ஒரு கூடத்தில் ஆணும் பெண்ணும் அமர்ந்து கேட்கும் பேச்சாக உயிரோடு இருந்தது. அவர் கூச்சமின்றிக் கேட்டார். அவர்கள் தயக்கமின்றிச் சொன்னார்கள். 1887இல் வெளிவந்த பதிப்புக்குப் பின்னால் அந்தக் கேள்விகளும் விடைகளும் இருக்கின்றன.

இனி, இக்காலத்துக்கு வருவோர், கே. சி. எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையை நினைக்கலாம். 1963இல் தொடங்கியது அது. சாதகக் கட்டம் போன்ற கோடுகளும், எழுத்துப் போன்ற நெருக்கமான கீறல்களும் திரையை நிறைத்திருக்கும். மலையாள எழுத்தின் சாயல் தெரியும். படிக்க முயன்றால் ஒரு சொல்லும் அகப்படாது. பார்ப்பவர் கிட்டச் சென்று கண்ணைச் சுருக்கிப் படிக்க முனைவதும், ஏமாந்து பின்வாங்குவதும் அப்படத்தின் பகுதியே எனலாம். இத்தகைய ஓவியத்தின் முன் "பொருள் என்ன?" என்ற கேள்விக்கு இடமே இல்லை. "எழுத்துப் போலத் தோன்றவேண்டும், ஆனால் எழுத்தாகிவிடக் கூடாது என்ற எல்லையைக் கை எவ்வாறு காத்தது?" என்று கேட்கலாம். பணிக்கர் இத்தகைய பேச்சுக்கு இடம் அமைத்தவரும் ஆவார். 1966இல் சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் சிற்றூரை அவரும் அவருடைய மாணவரும் சேர்ந்து உருவாக்கினர். பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் விற்ற பணத்தில் உணவு. மிஞ்சிய நேரத்தில் ஓவியம். மாலையில் ஒருவர் வேலையை மற்றவர் பார்த்துப் பேசுவது. விற்பனைக்காகக் கூட்டப்பட்ட அவையில் நிகழும் பேச்சினும், உடன்தொழில் செய்வோரிடையே நிகழும் அப்பேச்சு கூரியதாகவே இருந்திருக்க வேண்டும்.

அவையில் பேச வராத கலைஞரும் உளர். அவரைக் குறை சொல்லலாகாது. மேற்கு வங்கத்து நயா ஊரில் படச்சுருள் தீட்டும் பட்டுவா ஓவியர்கள், சுருளை மெல்ல அவிழ்த்து, விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் பாடிக்கொண்டே கதை சொல்பவர்கள். அவர்களுள் பலர் இசுலாமியர். பாடுவதோ பெரும்பாலும் இந்துப் புராணக் கதை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் அவர்கள் சுருளில் தீட்டிப் பாடியிருக்கிறார்கள். அத்தகைய ஒருவரை நகரத்து மேடையில் ஒலிவாங்கியின் முன் நிறுத்தி, மொழிபெயர்ப்பாளர் வழியாக, "உங்கள் படைப்புச் செயல்முறையை விளக்குங்கள்" என்றால் அவர் என்ன செய்வார்? சிரிப்பார், அல்லது அமைப்பாளர் சொல்லிக்கொடுத்ததைச் சொல்வார். அதற்குப் பதிலாக ஒரு மஞ்சள் கிழங்கையும், ஒரு பிடி விளக்குக் கரியையும், வண்ணத்தைப் பிணைக்கும் வில்வப் பிசினையும் அவர் முன் வைத்தால் போதும். கை தொடங்கும், கையின் பின்னே பேச்சு வரும். கேட்பவர் அப்போது கேட்கலாம்: சங்குப்பூ நீலம் எத்தனை நாள் நிற்கும்? பெருவெள்ளத்தை வரைகையில் எந்தப் பழைய கதையின் அலையை எடுத்தாண்டீர்கள்? பாட்டு முதலில் வந்ததா, படம் முதலில் வந்ததா? இக்கேள்விகளுக்கு அவரினும் தெளிவாக விடை கூறுவார் உலகில் இல்லை.

தமிழகத்து ஜினாலயங்கள் பலவற்றில் இன்று திருப்பணி நடைபெறுகிறது. தீர்த்தங்கரர் வாழ்க்கையின் ஐந்து கல்யாணங்களும் சுவரிலும் பலகையிலும் புதிதாகத் தீட்டப்படுகின்றன. நன்கொடை அளித்தோர் பெயர் கீழே அழகாகப் பொறிக்கப்படுகிறது, அது முறையே. தீட்டியவரோ சாரம் இறங்கிக் கூலி வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். தாய் கண்ட கனவுகள் அத்தனையையும் ஒரே பலகையில் அடக்க அவர் எதைச் சிறிதாக்கினார், எந்த நூலைப் பார்த்தார், எந்தப் பெரியவர் திருத்தம் சொன்னார், பழைய சுவரில் இருந்த எந்தக் காட்சியைத் தெரியாமல் விட்டுவிட்டார், எதைத் தெரிந்தே மாற்றினார் என்பன அவரோடு பேருந்து ஏறிவிடுகின்றன. நிறப்பூச்சு ஐம்பதாண்டில் மங்கும்போது, மறுபடி தீட்ட வருபவர் இன்றைய மங்கல் சுவரைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கும்.

இத்தகைய விழாக்களின் நிகழ்ச்சி நிரலில் ஒரு மணி நேரம் போதும். பலகைகளைச் சுவரில் பதிக்கும் முன்னர், அவற்றை மேடையில் சாய்த்து வைத்து, ஓவியரை அருகே அமர்த்தலாம். பாராட்டுரையும் பொன்னாடையும் இறுதியில் இருக்கட்டும். முதலில் இரண்டு சிறுவர்கள் கேட்கட்டும். சிறுவர் பொருள் கேட்கமாட்டார்கள். "இந்த யானைக்கு ஏன் இத்தனை தந்தம்?" என்றும், "இவர் மட்டும் ஏன் வேறு நிறம்?" என்றும்தான் கேட்பார்கள். அவர் சொல்வதை ஒருவர் தமிழில் அப்படியே எழுதி, ஒரு படியைக் கோயில் பெட்டகத்திலும் ஒரு படியை ஓவியரிடமும் வைக்க வேண்டும். பலகையின் அடியோரத்தில், நன்கொடையாளர் பெயருக்குக் கீழே, ஒரு விரற்கடை இடம் எப்படியும் மிஞ்சும். அவ்விடத்தில் ஓவியரின் பெயரும் ஊரும் ஆண்டும் அடங்கும்.